ஃபிஷ் ஃபைண்டர் திரையை வாசிப்பது எப்படி? படகில் தூண்டில் போடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடலுக்கடியில் இருப்பதை ஒலியால் தேடிக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் மெஷினை வாங்கிக் கட்டிய முதல் நாள் கடலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். திரையில் குட்டி மீன் பொம்மை வந்ததும் தூண்டிலை இறக்குவது. அரை மணி நேரம் ஒன்றும் கடிக்காது. அடுத்த பொம்மைக்குப் போவோம், அங்கேயும் கடிக்காது. கரைக்கு வரும்போது மெஷின் சரியில்லை என்று முடிவு கட்டியிருப்போம். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன். மெஷின் சரியாகத்தான் வேலை செய்தது. அது சொன்னதை நான்தான் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து குமரி வரை ஃபைபர் படகில் போய், ஐந்து பாகத்திலிருந்து நாற்பது பாகம் வரை கைத்தூண்டில் போடுபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய கப்பல்களில் இருக்கும் விலை உயர்ந்த சோனார் இங்கே பேச்சில்லை. ஐந்து அல்லது ஏழு அங்குலத் திரை, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பிக் கேட்கிற ஒரு டிரான்ஸ்டியூசர், ஒரு 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். ஒரு பாகம் என்பது ஆறு அடி, அதாவது சுமார் 1.8 மீட்டர். பெரும்பாலான மெஷின்களில் அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஃபேதம் என்று ஒன்று இருக்கும். அது நம்முடைய பாகம்தான். தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, பாகத்தில் அளந்து பழகியவர்கள் அதை வைத்துக்கொண்டால் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

முதலில், திரையில் ஓடுவது என்ன?

டிரான்ஸ்டியூசர் கடலுக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிற தரையைத் தொட்டுத் திரும்ப மொத்தம் 60 மீட்டர், அதற்கு ஆகிற நேரம் 0.04 நொடி. எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை மெஷின் ஆழமாகக் காட்டுகிறது, திரும்பி வந்ததன் பலத்தை நிறமாகக் காட்டுகிறது. அதற்குத் தெரிந்தது இந்த இரண்டு மட்டுமே. மீன் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா, அது மீன்தானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 1948-இல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் இந்தக் கருவியை மீனவர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து திரை எவ்வளவோ மாறிவிட்டது. அடிப்படை மாறவில்லை.

ஒவ்வொரு துடிப்புக்கும் திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு மெல்லிய கோடு விழுகிறது. அடுத்த துடிப்பு வந்ததும் பழைய கோடு இடப்பக்கம் தள்ளப்படுகிறது. அதனால் வலது ஓரத்தில் இருப்பது மட்டுமே இந்த நொடி. மற்றதெல்லாம் கடந்துபோனது. திரையின் நடுவில் ஒரு பெரிய கூட்டம் தெரிந்தால் அது உங்களுக்குக் கீழே இப்போது இல்லை. சற்று முன்பு இருந்தது.

இடமிருந்து வலம் தெரிவது தூரம் அல்ல, நேரம். இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக்கு மேற்பட்ட தவறான வாசிப்பு இங்கேதான் பிறக்கிறது. நங்கூரம் போட்டு நிற்கிற படகிலும் திரை ஓடிக்கொண்டே இருக்கும். கீழே ஒரே ஒரு கல் இருந்தாலும் அது திரை முழுவதும் நீண்ட மேடைபோலத் தெரியும். அதே கல்லை ஐந்து நாட், அதாவது மணிக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர், வேகத்தில் கடந்தால் ஊசி முனைபோல வந்து போகும். திரையைப் பார்க்கும் முன் படகு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

சில மெஷின்களில் வலது ஓரத்தில் துடிக்கிற செங்குத்துப் பட்டை ஒன்று இருக்கும். ஏ-ஸ்கோப் என்பார்கள். அதை எப்போதும் போட்டு வையுங்கள். இந்த நொடியில் கீழே இருப்பதை மட்டும் அது காட்டும்.

ஒலி விரியும் வட்டம்

ஒலி கயிறுபோல நேராகக் கீழே போவதில்லை. டார்ச் வெளிச்சம்போல விரிந்துகொண்டே போகும். 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்த விரிவு குறைவு, பொதுவாக 12 முதல் 20 டிகிரி. 50 கிலோஹெர்ட்ஸில் அதிகம், 45 டிகிரி வரைக்கும் வரும். 20 பாக ஆழத்தில், அதாவது 37 மீட்டரில், 20 டிகிரி ஒலிக்கூம்பு தரையில் சுமார் 13 மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். 45 டிகிரி என்றால் அதே வட்டம் சுமார் 30 மீட்டர். ஆழம் குறையக் குறைய வட்டமும் சுருங்கும். ஐந்து பாகத்தில் 20 டிகிரிக் கூம்பு பார்ப்பது மூன்று மீட்டர்தான்.

நம் கரையோரத் தூண்டில் வேலைக்கு 200 கிலோஹெர்ட்ஸ்தான் சரி. வட்டம் சிறியது என்பதால் காட்டுகிற மீன் ஏறக்குறைய படகுக்கு நேர்கீழே இருக்கும், நெருக்கமாக இருக்கிற இரண்டு மீன்களையும் தனித்தனியாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கு. உயர்ந்த அதிர்வெண்ணை உப்புத்தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும், தாழ்ந்தது அதிக ஆழம் வரை போய்த் திரும்பும். ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் ஒரு வரிசை அதிர்வெண்களை வீசிக் கேட்கும் சிர்ப் வகை மெஷின் கையில் இருந்தால் நல்லது, படம் இன்னும் கூர்மையாக வரும். வாசிக்கிற முறை அதற்கும் இதேதான்.

டிரான்ஸ்டியூசரைக் கட்டுவது

திரையைப் படிக்கத் தெரிந்தும் படம் மோசமாக வருகிறது என்றால், பத்தில் எட்டு முறை காரணம் டிரான்ஸ்டியூசர் கட்டிய இடமாகத்தான் இருக்கும். காற்றுக் குமிழிதான் ஒலிக்கு முதல் எதிரி. எஞ்சினின் விசிறி கிளப்புகிற நுரையிலிருந்து தள்ளி, படகின் பக்கவாட்டில் ஒரு குழாயில் மாட்டி, படகின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி இறக்குங்கள். முகம் தரையை நேராகப் பார்க்க வேண்டும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கி ஓடும் படகு நின்றதும் சமமாகிவிடும். மீன் தேடும் மெதுவான வேகத்தில் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். சாய்ந்திருந்தால் ஒலி சாய்வாகப் போய் ஆழத்தை அதிகமாகக் காட்டும், மீனின் அடையாளமும் மங்கும்.

உள்ளே நுரை அடைக்காத முழு ஃபைபர் அடிப்பகுதி என்றால் டிரான்ஸ்டியூசரை உள்பக்கமாகவே எபாக்சி வைத்து ஒட்டலாம், ஒலி கொஞ்சம் குறைந்தாலும் ஊடுருவும். பசைக்குள் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. மரவள்ளத்திலும் நுரை வைத்த அடிப்பகுதியிலும் இது எடுபடாது. மெஷினுக்குத் தனி பேட்டரி கொடுங்கள். எஞ்சின் பேட்டரியோடு சேர்த்தால் எஞ்சினின் மின்னிரைச்சல் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். சந்தேகம் இருந்தால் எஞ்சினை அணைத்துப் பாருங்கள். புள்ளிகள் உடனே மறைந்தால் அவை கடலிலிருந்து வந்தவை அல்ல.

செட்டிங்கில் ஐந்து நிமிடம்

முதல் வேலை, மீன் பொம்மையை அணைப்பது. ஃபிஷ் ஐடி என்று மெனுவில் இருக்கும். தரைக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவே ஏதாவது எதிரொலி வந்தால் மெஷின் அதற்கு ஒரு மீன் படம் ஒட்டிவிடும். சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன், பிளாஸ்டிக் பை, கடற்பாசிக் கொத்து, அடுத்த படகின் சத்தம் எல்லாமே அதற்கு மீன்தான். இதைவிட மோசம், நல்ல மீன் கூட்டத்தின் வடிவத்தையே அந்தப் பொம்மைகள் மறைத்துவிடும்.

அடுத்தது கெயின், சில மெஷின்களில் சென்சிட்டிவிட்டி. ஆட்டோவில் விட்டாலும் ஓரளவு ஓடும், ஆனால் கையால் வைப்பதுதான் நல்லது. தண்ணீர்ப்பகுதி முழுவதும் லேசான தூசி தெரியும் வரை ஏற்றுங்கள். பிறகு தூசி மறைந்தும் மறையாமலும் இருக்கிற இடத்துக்குக் குறையுங்கள். அதற்குமேல் குறைத்தால் சிறிய எதிரொலிகள் போய்விடும், திரை அழகாக இருக்கும், மீன் இருக்காது. ஆழம் மாறும்போதெல்லாம் கெயினை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஆழ வரம்பை, அதாவது ரேஞ்சை, நிற்கிற இடத்தின் ஆழத்தைவிடக் கால் பங்கு அதிகமாக வையுங்கள். இரண்டாவது எதிரொலி பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் இரண்டரை மடங்கு. அது ஏன் என்று கீழே சொல்கிறேன். திரை ஓடும் வேகத்தைக் கூடுதலாக வையுங்கள், மெதுவாக ஓடினால் தனி மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிறத்தில் பெரும்பாலான மெஷின்கள் சிவப்பைப் பலமான எதிரொலிக்கும், மஞ்சள், பச்சை என்று இறங்கி நீலத்தைப் பலவீனமானதற்கும் தரும். உங்கள் மெஷின் எப்படி என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டால் போதும். அடிக்கடி நிறத்தொகுப்பை மாற்றாதீர்கள், கண் பழகாது.

ஈயக்குண்டை இறக்கிப் பழகுங்கள்

திரை வாசிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. காற்றில்லாத ஒரு காலையில், ஆழம் தெரிந்த இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, 200 கிராம் ஈயக்குண்டை டிரான்ஸ்டியூசருக்குப் பக்கத்திலேயே மெதுவாக இறக்குங்கள். திரையில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு சாய்ந்த கோடு இறங்கும். அது உங்கள் குண்டு. நடுவில் நிறுத்துங்கள், கோடு படுத்து நேராகும். இரண்டு பாகம் தூக்குங்கள், கோடு ஏறும்.

இதில் மூன்று விஷயம் ஒரே நேரத்தில் புரியும். அசையாத பொருள் படுத்த கோடாகத் தெரியும் என்பது முதலாவது. தங்கூசி அளவும் மெஷின் காட்டும் ஆழமும் ஒத்துப்போகின்றனவா என்பது இரண்டாவது. குண்டின் கோடு தெரியவே இல்லை என்றால் நீவாடு, அதாவது நீரோட்டம், அதை ஒலிக்கூம்புக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. மெஷின் மீனைக் காட்டுகிறது, நீங்கள் இறக்கிய தூண்டில் நீரோட்டத்தோடு பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கிறது என்றால் கடிக்காததற்கு மீனைக் குறை சொல்ல முடியாது. குண்டின் எடையைக் கூட்டுங்கள்.

மீனுக்கு முன் தரையைப் படியுங்கள்

என் அனுபவத்தில் திரையில் எண்பது சதவீதக் கவனம் தரைக்கோட்டின்மேல் இருக்க வேண்டும். மீன் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். அது வந்து தங்குகிற இடம் அங்கேயே இருக்கும். நம் பெரியவர்கள் மெஷின் இல்லாத காலத்தில் தேடியதும் மீனை அல்ல, பாரைத்தான், அதாவது கடலடிப் பாறைத் திட்டைத்தான். கரையில் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு மலை முகட்டையும் நேராக்கி ஒரு கோடு, வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேராக்கி மறு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் பார். குமரிக் கரையில் இதைக் கணிச்சம் என்பார்கள். அப்படித் தேடிக் கண்டுபிடித்துப் பெயர் வைத்த பார்கள் மன்னார் வளைகுடா முழுக்க இருக்கின்றன. தூத்துக்குடிக்கு வெளியே முத்துச்சிப்பிக்குப் பேர்போன தொலையிரம் பார் அவற்றில் ஒன்று.

சேறு எப்படித் தெரியும்? ஒலியின் ஒரு பகுதி சேற்றுக்குள் இறங்கிக் கரைந்துவிடும். அதனால் தரைக்கோட்டில் பலமான நிறம் மெல்லிய பட்டையாக இருக்கும், அதன் கீழே மங்கிப் பரவும். கோடு வழவழப்பாக, மேடுபள்ளம் இல்லாமல் ஓடும். இரண்டாவது எதிரொலி இருக்காது அல்லது தேடித்தான் பார்க்க வேண்டும்.

மணல் கொஞ்சம் கெட்டி. பட்டை தடித்து, விளிம்பு கூர்மையாக இருக்கும். நெருங்கிய சிறு அலைகள்போலத் தெரிந்தால் அது மணல் வரிகளாக இருக்கலாம், ஆனால் மேலே படகு அலையில் ஏறி இறங்கினாலும் தரை அப்படித்தான் தெரியும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. மேலே மிதக்கிற மீன்களின் கோடுகளும் அதே தாளத்தில் ஏறி இறங்கினால் ஆடுவது படகு.

பார் வந்தால் தவறவிட மாட்டீர்கள். சிவப்புப் பட்டை திடீரென்று தடிக்கும், மேல்விளிம்பு கரடுமுரடாகும், கீழ்ப்பக்கம் நீண்ட வால் விழும். இந்த இடத்தில் ரேஞ்சை இரண்டரை மடங்காக மாற்றுங்கள். 15 மீட்டர் ஆழம் என்றால் 40 மீட்டர் வையுங்கள். 30 மீட்டர் கோட்டில் தரையின் இன்னொரு நகல் தெரிகிறதா? தரையில் பட்ட ஒலி மேலே வந்து, நீர்மட்டத்திலும் படகின் அடியிலும் மோதி, மறுபடி கீழே போய்த் திரும்பி வந்தது அது. அவ்வளவு பலம் மிச்சமிருக்க வேண்டுமென்றால் தரை கெட்டியாக இருக்க வேண்டும். கெயினை மாற்றாமல் ஓடிக்கொண்டே இருங்கள். இரண்டாவது எதிரொலி எங்கே மங்குகிறதோ அங்கே பார் முடிந்து மணலோ சேறோ தொடங்குகிறது.

அந்த எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரின் நடுவைவிட ஓரம்தான் பல நாள் தூண்டிலுக்கு நல்லது. விளமீன் இரை தேடப் பாரைவிட்டு மணலுக்கு வரும், கலவா கல் இடுக்கில் காத்திருக்கும். இரண்டும் சந்திக்கிற இடம் ஓரம். சந்தேகமாக இருந்தால் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஈயக்குண்டின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி இறக்கித் தூக்குங்கள். மணல் ஒட்டி வந்தால் மணல், சேறு ஒட்டி வந்தால் சேறு, கீறலோடு சும்மா வந்தால் கல். திரையில் பார்த்ததையும் குண்டில் வந்ததையும் பத்து இடங்களில் ஒப்பிட்டுவிட்டால், பதினொன்றாவது இடத்தில் குண்டு தேவைப்படாது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் தமிழகக் கரையில் பல இடங்களில் இறக்கிய கான்கிரீட் செயற்கைப் பார்களும் திரையில் தெரியும். தட்டையான தரையிலிருந்து காரணமே இல்லாமல் செங்குத்தாக எழுந்து, அதே வேகத்தில் இறங்குகிற சிவப்பு முனைகள் இவை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் திரையில் எவ்வளவு நல்ல பார் தெரிந்தாலும் தூண்டில் போடக் கூடாது. ஜிபிஎஸ்ஸில் எல்லையை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவு மறைப்பது

ஒலிக்கூம்பில் முதலில் படுகிற தரையைத்தான் மெஷின் தரை என்று வரையும். சரிவில் கூம்பின் ஒரு பக்கம் மேட்டைத் தொடுகிறது, மறுபக்கம் பள்ளத்துக்கு மேல் நிற்கிறது. மேட்டின் எதிரொலி முதலில் வந்துவிடுகிறது. பள்ளத்தில் தரையை ஒட்டிக் கிடக்கிற மீன்களின் எதிரொலி அதன் பிறகு வருகிறது. அவை தரைக்கோட்டுக்குக் கீழே, சிவப்புக்குள் கலந்து காணாமல் போகின்றன. பார் ஓரத்தில் திரை வெறுமையாக இருந்தும் கலவா கடிக்கிறதென்றால் காரணம் இதுதான். இதே காரணத்தால் தனிக்கல் ஒன்று உண்மையைவிட அகலமாகவும், வளைந்த கூரைபோலவும் தெரியும்.

எனவே சரிவில் திரை வெறுமை என்றால் மீன் இல்லை என்று அர்த்தமில்லை. குறுகிய கூம்புக்கு மாறுங்கள், தரைப் பகுதியை மட்டும் ஜூம் செய்யுங்கள், மேட்டிலிருந்து பள்ளத்துக்கும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் ஒருமுறை ஓடிப் பாருங்கள். இருந்தும் தெரியாவிட்டால் தூண்டிலை இறக்கிக் கேட்டுவிடுங்கள்.

மீன் ஏன் வில்லாகத் தெரிகிறது?

மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது டிரான்ஸ்டியூசரிலிருந்து அதன் தூரம் கொஞ்சம் அதிகம். நேர்கீழே வரும்போது தூரம் குறைவு. மறு ஓரத்தில் மறுபடி அதிகம். அந்த மூன்றும் சேர்ந்து வில் ஆகிறது. மீனின் உடம்பு வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மீன் ஓரத்தை மட்டும் தொட்டுப் போனால் பாதி வில். படகும் மீனும் நின்றால் நீண்ட கோடு.

வில்லின் நீளத்தை வைத்து மீன் பெரிது என்று சொல்ல முடியாது. ஐந்து பாகத்தில் நீளமான வில் என்றால் மீன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, அல்லது படகு மெதுவாகப் போனது. 37 மீட்டர் ஆழத்தில் 13 மீட்டர் வட்டத்தை நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் கடக்க ஆறரை நொடி. நீவாட்டில் அரை மீட்டர் வேகத்தில் மிதந்தால் 26 நொடி. தரையருகே நிற்கிற ஒரே மீன், இரண்டாவது முறையில் நான்கு மடங்கு நீளமாகத் தெரியும். பார்க்க வேண்டியது வில்லின் தடிமனையும் நடுவில் உள்ள நிறத்தையும். நடுவில் சிவப்போடு தடித்து நிற்கிற வில் நல்ல மீனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வில்லே வரவில்லை என்று கவலைப்படுபவர்கள் உண்டு. ஒரு கணக்கு பாருங்கள். 20 மீட்டரில் உள்ள மீன் 20 டிகிரிக் கூம்பைக் கடக்கும்போது ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள தூர வித்தியாசம் வெறும் 30 சென்டிமீட்டர். 40 மீட்டர் ரேஞ்ச் வைத்த சிறிய திரையில் அது நாலைந்து புள்ளி உயரம். கண்ணுக்கு நேர்கோடாகத்தான் தெரியும். ஜூம் செய்தால் வளைவு வந்துவிடும்.

காற்றுப்பை என்கிற நெட்டி

மீனிலிருந்து திரும்புகிற ஒலியில் பெரும்பங்கு சதையிலிருந்து வருவதில்லை. வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பையிலிருந்து வருகிறது. கூறல் மீனை அறுத்து எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, அந்த நெட்டிதான். கலவாவை ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் வயிறு உப்பி வாய்வழியே வெளியே தள்ளுகிறதல்லவா, அதற்கும் இதே பையில் விரிகிற காற்றுதான் காரணம். கலவா, விளமீன் போன்றவற்றுக்கு நெட்டி நல்ல அளவில் உண்டு, எதிரொலி பலமாக வரும்.

நெய்மீன் என்றும் வஞ்சிரம் என்றும் சொல்கிற மீனுக்கு அந்தப் பை கிடையாது. நம் கரையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிறுசூரைக்கும் கிடையாது, சுறாவுக்கும் கிடையாது. பத்துக் கிலோ நெய்மீன் கீழே ஓடினாலும் திரையில் அரைக் கிலோ விளமீன் அளவுக்கு மங்கலாகத்தான் தெரியக்கூடும். நெய்மீனுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் திரையில் பெரிய சிவப்பு வில்லைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் தேட வேண்டியது இரையை.

சாளையோ நெத்திலியோ பகலில் இறுகிய உருண்டையாகத் தெரியும், நடுவில் சிவப்பு, ஓரத்தில் பச்சை. யாரும் துரத்தாத கூட்டம் மேகம்போல அகலமாக, அமைதியாக இருக்கும். துரத்தப்படும் கூட்டம் நெருங்கி உயரமாகும், நடுவில் வெட்டுப்பட்டதுபோல இடைவெளி விழும், சில நேரம் ஒரு பக்கம் மட்டும் கிழிந்து நிற்கும். அந்தக் கிழிசலைச் சுற்றிச் சாய்ந்த மெல்லிய கோடுகள் இருந்தால், மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ பாய்கிற மீன்கள் அவை. மங்கலாக இருந்தாலும் அங்கே தூண்டில் இழுங்கள். இரவானால் சாளைக் கூட்டம் கலைந்து பரவிவிடும், அப்போது உருண்டையைத் தேடிப் பயனில்லை.

பாரின் உச்சிமேல் தேர்போல உயர்ந்து நிற்கிற கூட்டம் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிற பாறை மீன் அல்லது அதற்கு இரையாகும் சிறுமீன். தரைக்கு ஒரு பாகம் மேலே, தனித்தனி வில்லாக, வரிசை இல்லாமல் சிதறிக் கிடப்பது விளமீன் வகைகளாக இருக்கலாம். தரையில் ஒட்டி ஒரு சிறு கட்டிபோல, தரையின் சிவப்போடு சேர்ந்தும் சேராமலும் இருப்பது கலவாவாக இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். மறுமுறை கடக்கும்போதும் அதே இடத்தில் அதே உயரத்தில் இருந்தால் கல். எந்த மீன் என்று திரை ஒருபோதும் சொல்லாது. இடம், ஆழம், மாதம், நேரம் இவற்றை வைத்து நாம்தான் சொல்ல வேண்டும்.

மீன் அல்லாதவை

மேல்மட்டத்தில் முதல் ஒன்றிரண்டு மீட்டர் எப்போதும் கலங்கலாக இருக்கும். அலை கலக்கும் காற்றும் டிரான்ஸ்டியூசரின் சொந்த அதிர்வும் அது. அங்கே மீன் தேடாதீர்கள்.

தண்ணீரின் நடுவே, ஆழம் மாறினாலும் தான் மாறாமல் ஓடுகிற மெல்லிய மங்கிய பட்டை, வெதுவெதுப்பான மேல்நீரும் குளிர்ந்த கீழ்நீரும் சந்திக்கிற எல்லையாக இருக்கலாம். அங்கே மிதவை உயிரிகள் சேர்வதால் எதிரொலி வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் குமரிக் கடலில் குளிர்ந்த அடிநீர் மேலே ஏறும், அப்போது இந்தப் பட்டையும் ஏறி வரும். மீன் பெரும்பாலும் அதன் விளிம்பை ஒட்டி நிற்கும், எனவே தூண்டில் ஆழத்துக்கு இது ஒரு நல்ல குறிப்பு. பொழுது சாயும்போது ஆழத்திலிருந்து ஒரு பட்டை மெல்ல மேலே எழுவதைப் பார்த்தால் அதுவும் மிதவை உயிரிகளும் சிறுமீன்களும்தான். இரவில் மேலே வந்து விடியலில் இறங்கும்.

சொறிமுட்டைக் கூட்டம் பஞ்சுபோல இருக்கும், நடுவில் சிவப்பு வராது, வில்லும் வராது. திரை முழுவதும் சாய்ந்து ஓடுகிற புள்ளிக்கோடுகள் பக்கத்துப் படகின் மெஷின், அதுவும் உங்கள் அதிர்வெண்ணிலேயே ஓடுகிறது. ஒரே பாரில் நாலு படகு நின்றால் இது வரத்தான் செய்யும். இரைச்சல் வடிகட்டியை ஒரு படி ஏற்றினால் போதும். முழுதாக ஏற்றினால் மீனும் சேர்ந்து வடிந்துவிடும்.

ஒரு காலை, தொடக்கத்திலிருந்து

ஐதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்கிற இந்தியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் மீன்வள மண்டலத் தகவல் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்வது. எந்தப் பக்கம் போகலாம் என்பதற்கு அது உதவும். அந்த இடத்துக்குப் போனபிறகு எங்கே நிற்பது என்பது உங்கள் திரையின் வேலை.

விடியும் நேரம், 18 பாகம், தெரிந்த பாருக்கு அரை மைல் முன்பே வேகத்தை நாலு நாட்டுக்குக் குறைத்துவிடுகிறேன். தரை மெல்லிய பட்டை, வழவழப்பு, சேறு. கெயினைச் சரிசெய்கிறேன். பட்டை தடிக்கத் தொடங்குகிறது, மணல். ரேஞ்சை விரித்தால் இரண்டாவது எதிரொலி மெலிதாக எட்டிப் பார்க்கிறது. முதல் சிவப்பு முனை வந்ததும் ஜிபிஎஸ்ஸில் ஒரு குறி. ஆழம் 15 பாகமாகக் குறைந்து மறுபடி 18. இரண்டாவது குறி. மீன் தெரிந்ததா என்று இன்னும் பார்க்கவில்லை. திரும்பி வந்து அதே பாரைக் குறுக்காக, முதல் ஓட்டத்துக்குச் செங்குத்தாகக் கடந்து இன்னும் இரண்டு குறி. நான்கு குறிகளைச் சேர்த்தால் பாரின் உருவம் கிடைத்துவிடும்.

இப்போது ரேஞ்சைச் சுருக்கி, தரையை ஜூம் செய்து, மெதுவாக மூன்றாவது ஓட்டம். உச்சியில் பச்சையாக ஒரு சிறு மேகம், அதைத் தாண்டிக் கிழக்கு ஓரத்தில் தரைக்கு மேலே ஐந்தாறு தடித்த வில்கள். அந்த இடத்தில் ஐந்தாவது குறி.

எஞ்சினை அணைத்துப் படகை மிதக்க விடுகிறேன். இரண்டு நிமிடத்தில் ஜிபிஎஸ் கோடு நீவாடும் காற்றும் சேர்ந்து எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்று காட்டிவிடும். இன்றைக்கு வடக்கே தள்ளுகிறது. ஐந்தாவது குறிக்குத் தெற்கே நூறு மீட்டர் போய் நங்கூரத்தை இறக்கி, கயிற்றை விட்டுக்கொண்டே குறிக்குமேல் வந்து நிற்கிறேன். நங்கூரம் பாரின்மேல் விழாமல் மணலில் விழ வேண்டும். பவளத்தை உடைத்தால் அடுத்த வருடம் அந்த வில்கள் இருக்காது.

திரையில் இப்போது நீண்ட கோடுகள், ஏனென்றால் நாம் நிற்கிறோம், மீனும் நிற்கிறது. தரைக்கு ஒரு பாகம் மேலே இரண்டு கோடு, அரைப் பாகத்தில் ஒன்று. ஈயக்குண்டின் சாய்ந்த கோடு இறங்கி, அவற்றைத் தாண்டித் தரையைத் தொடுகிறது. ஒரு பாகம் சுருட்டுகிறேன். குண்டின் கோடு ஏறி, மேலே இருந்த இரண்டு கோடுகளின் உயரத்துக்கு வந்து படுக்கிறது. அந்த இரண்டில் ஒன்று குண்டை நோக்கி வளைகிறது.